சித்திரங்கள் உயிர்பெற்ற ஊர்கள்

யப்பான் நாட்டின் தலைநகராகிய தோக்கியோவைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அதன் கிழக்குப் பகுதியையும் நடுப்பகுதியையும் கண்டு திரும்பிவிடுவர். வானளாவிய கட்டடங்களும், இரவைப் பகலாக்கும் மின்னொளியும், அரசமாளிகையைச் சூழ்ந்த அகழியும், அசாக்குசாவிலுள்ள பழம்பெருங் கோயிலும் அவர்தம் கண்ணையும் கருத்தையும் கவர்ந்து நிற்கும். நாமோ அம்மாநகரின் மேற்குப் புறத்தே, சூவோ என்னும் புகையிரதப் பாதையை அண்டி அமைந்துள்ள அமைதியான ஊர்களை நாடிச் சென்றோம். உலகெங்கும் முதியோரும் சிறுவரும் ஒருங்கிருந்து கண்டு களிக்கும் சித்திரப் படங்கள் பல பிறந்த இடம் அதுவே.

‘கார்ட்டூன்’ என்று நம்மவர் பொதுவாக வழங்கும் இக்கலையை யப்பானியர் ‘அனிமே’ என்பர். நாற்பது வயதைக் கடந்தோர் சித்திரப் படத்தின் பொருட்டு இத்துணைத் தொலைவு செல்வதா என்று வாசகர்களிற் சிலர் வினவக்கூடும். அதற்குரிய விடை எம் தலைமுறையினரின் சிறுபராயத்திலே உள்ளது. 1982ஆம் ஆண்டில் யப்பானிய அரசின் உதவியோடு இலங்கையில் ரூபவாஹினித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றபோது நாம் பால்மணம் மாறாத குழந்தைகள். பள்ளிப் பருவத்தை எய்தியபோது வடபுலத்தில் போர் மூண்டுவிட்டது. 1990 முதற் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டு ஏற்றிய விளக்கின் முன்னிருந்தே பாடம் படித்தோம். ‘அயலவர் தொத்தொரோ’ என்னும் படம் யப்பானில் வெளியானது 1988இல். ‘காது கொடுத்துக் கேட்டால்’ என்னும் இனிய படம் வெளியானது 1995இல். வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரை விட்டுப் புறப்பட்டதும் அந்த 1995இலேதான். அத்தகைய காலத்தில் இப்படங்கள் எம்மை எவ்வாறு வந்தடையும்?

அண்மையில் எம் மாணவர் சிலர் இவற்றைப் பற்றி ஓயாது உரையாடக் கேட்டு, ஒரு விடுமுறையின்போது ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கலானோம். பார்த்து முடித்தபோது, சிறுபராயத்தில் எமக்கு வரவேண்டியிருந்த கடிதமொன்று முப்பது ஆண்டுகள் பிந்தி வந்து சேர்ந்தாற் போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று. அக்கடிதம் புறப்பட்ட ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆவலே எம்மை யப்பானுக்கு அழைத்துச் சென்றது.

வெண்பாம்பின் வழித்தோன்றல்கள்

பயணத்தைக் கூறுமுன் இக்கலையின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும். யப்பானியர் 1917ஆம் ஆண்டளவிலேயே சிறுசிறு சித்திரப் படங்களை எடுக்கத் தொடங்கிவிட்டனர். எனினும், முழுநீள வண்ணச் சித்திரப் படம் அங்கு தோன்றியது 1958இலேயே. தோயெய் நிறுவனத்தார் தோக்கியோவின் மேற்கிலுள்ள ஓயிசுமி என்னுமிடத்தில் அதனை உருவாக்கினர். மனித வடிவம் கொண்ட வெண்பாம்பொன்று இளைஞன் ஒருவன்மீது காதல் கொள்ளும் பழைய சீனக் கதையே அப்படத்தின் பொருள். பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையை எதிர்நோக்கியிருந்த மாணவர் ஒருவர் அதனைக் கண்டு உள்ளம் உருகினார். 1941இற் பிறந்த மியாசாக்கி ஹயாவோ என்பவரே அவர். பொருளியலும் அரசியலும் கற்றுப் பட்டம் பெற்ற பின்னர், 1963இல் அதே தோயெய் நிறுவனத்திற் சித்திரம் வரையும் தொழிலாளியாகச் சேர்ந்தார்.

அதே 1963ஆம் ஆண்டின் புத்தாண்டுத் தினத்தன்று, மருத்துவக் கல்வி கற்றும் சித்திரக் கதைகளுக்கே தம் வாழ்வை ஒப்படைத்த தெசுக்கா ஒசாமு, ‘அத்தொம்’ என்னும் இயந்திரச் சிறுவனின் கதையைத் தொலைக்காட்சியில் வாரந்தோறும் காட்டத் தொடங்கினார். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அத்தனையையும் தனித்தனியே வரைவதாயின் வாரம் ஒரு கதையை முடித்தல் இயலாத காரியம். ஆகவே மூன்று படங்களுக்கு ஒரு சித்திரம் போதும் என்று தெசுக்கா வகுத்தார். முகம் அசையாதிருக்க வாயை மாத்திரம் அசைத்தல், வரைந்த சித்திரத்தையே மீண்டும் மீண்டும் பயன்படுத்துதல் முதலிய சிக்கன முறைகளையும் கையாண்டார். வறுமையிற் பிறந்த இவ்வுத்திகளே நாளடைவில் யப்பானியச் சித்திரப் படங்களுக்குத் தனியோர் அழகை அளித்தன. புத்தர்பெருமானின் வரலாற்றை நீண்ட சித்திரக் கதையாக வரைந்தவரும் இத்தெசுக்காவே.

மியாசாக்கியும், அவரினும் மூத்தவராகிய தக்காஹாத்தா இசாவோவும், சுசுக்கி தோஷியோ என்பாருடன் கூடி 1985இல் நிறுவியதே ஜிப்லிக் கலைக்கூடம். சகாராப் பாலைநிலத்தில் வீசும் வெப்பக் காற்றின் பெயர் அது. சித்திரப் பட உலகிற் புதுக்காற்று வீசவேண்டும் என்று விரும்பி அப்பெயரைச் சூட்டினராம்.

கலைமகள் வீற்றிருக்கும் குளக்கரை

சிஞ்சுக்கு நிலையத்திற் சூவோ புகையிரதம் ஏறினால் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் மித்தாக்காவை அடையலாம். அங்கிருந்து ஜிப்லி நூதனசாலைக்குப் பஸ்வண்டியும் உண்டு. எனினும் நாம் நடந்தே சென்றோம். பாதை ஒரு வாய்க்காலின் கரையோரமாகச் செல்கின்றது. இன்றைய தோக்கியோ எதோ என்ற பெயருடன் விளங்கிய காலத்தில், 1653ஆம் ஆண்டில், நகரமக்களின் குடிநீருக்காக வெட்டப்பெற்ற தமகாவா வாய்க்கால் அது. நாற்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் அதன் இருமருங்கும் மரங்கள் கவிந்து நிழல் செய்கின்றன.

வாய்க்கால் சென்று சேரும் சோலையே இனோக்காஷிராப் பூங்கா. 1917இற் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்ற இப்பூங்காவின் நடுவே ஒரு குளமும், குளத்துள் ஒரு சிறு தீவும், தீவிற் செந்நிறம் பூசிய கோயிலொன்றும் உள்ளன. அக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் தேவியின் பெயர் பென்சைதென். கையில் வீணையை ஒத்த நரப்புக் கருவி ஏந்தி, நீர்நிலையோரம் உறைந்து, கல்விக்கும் கலைக்கும் அதிதேவதையாய் விளங்குபவள் அவள். நம் சரசுவதியே பௌத்தத்தோடு பாரத நாட்டிலிருந்து புறப்பட்டு, சீனத்தைக் கடந்து, யப்பானை அடைந்து இவ்வாறு பெயர் பெற்றாள் என்பர் அறிஞர். நவராத்திரி காலத்தில் ஏடடுக்கிப் பூசை செய்து பழகிய எமக்கு, ஏழு கடல் கடந்த நாட்டிலே தாயைக் கண்டாற் போன்றிருந்தது. கைகூப்பி வணங்கிவிட்டே மேலே நடந்தோம்.

நூதனசாலை 2001ஆம் ஆண்டு ஒற்றோபர் 1ஆந் திகதி திறக்கப்பெற்றது. வாயிலிற் சீட்டு விற்கப்படுவதில்லை. முந்திய மாதத்தின் 10ஆந் திகதி முதல் விற்பனையாகும் சீட்டை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளல் வேண்டும். அச்சீட்டைக் கொடுத்ததும் மற்றொரு சீட்டுத் தருகின்றனர். அது மெய்யான படச்சுருளின் சிறு துண்டு! வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தாற் படக்காட்சி தெரிகின்றது. சிறுவர்களோடு தலைநரைத்த தாத்தாமாரும் அத்துண்டுகளை வானை நோக்கித் தூக்கிப் பிடித்து நின்ற காட்சி எம் நெஞ்சை விட்டு அகலாது.

உள்ளே புகைப்படம் எடுத்தல் கூடாது. இன்ன வழியே செல்க என்று காட்டும் ஒழுங்குமில்லை. எல்லாரும் சேர்ந்து வழி தவறிப் போவோம் என்பதே இந்நூதனசாலையின் அழைப்பு. சுழற்படிகள், சிறு பாலங்கள், குழந்தைகள் மாத்திரம் நுழையக்கூடிய தாழ்ந்த வாயில்கள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் எனச் சென்றவிடமெல்லாம் புதுமை. ஓரிடத்திற் சிறு பொம்மைகள் பல நிரையாக அமைந்த வட்டமேடை வேகமாகச் சுழல்கின்றது. ஒளி விட்டுவிட்டுப் பாய்ந்ததும் அப்பொம்மைகள் துள்ளிக் குதிக்கின்றன! அசையாத உருவங்கள் பல கண்ணில் அடுத்தடுத்துப் படும்போது மனமே அவற்றுக்கு அசைவைக் கொடுக்கின்றது என்னும் உண்மையை இதனினும் தெளிவாக எந்த ஆசிரியரும் விளக்குதல் அரிது. படம் பிறக்கும் விதத்தைக் காட்டும் அறைகளிலோ நூல்களும் வண்ணங்களும் சுவர் நிறைந்த வரைபடங்களும் குவிந்து கிடக்கின்றன. 1997இல் வெளியான ‘இளவரசி மொனொனொக்கே’ என்னும் படத்துக்கு மாத்திரம் 1,40,000க்கு மேற்பட்ட சித்திரங்கள் வேண்டியிருந்தன. கணினி பெருகிவிட்ட இந்நாளிலும் ஜிப்லியார் பென்சில் கொண்டு கையால் வரைதலைக் கைவிடவில்லை. 2023இல், தம் எண்பத்திரண்டாம் வயதில் மியாசாக்கி அளித்த ‘சிறுவனும் நாரையும்’ என்னும் படமும் அவ்வாறு வரையப்பெற்றதே. அது அடுத்த ஆண்டில் ஒஸ்கார் விருதைப் பெற்றது.

இழுப்பறைகள் நிறைந்த கடை

மித்தாக்காவுக்கு அப்பால் மூன்றாம் நிலையமாகிய முசாஷிக் கொகனெயில் இறங்கி, கொகனெய்ப் பூங்காவுக்குச் சென்றோம். ஜிப்லிக் கலைக்கூடமும் இக்கொகனெய் நகரிலேயே உள்ளது. ஆயினும் அது வேலை நடக்கும் இடமாதலிற் பார்வையாளருக்கு அனுமதியில்லை. பூங்காவினுள்ளே 1993இல் திறக்கப்பெற்ற திறந்தவெளிக் கட்டட நூதனசாலை ஒன்று உண்டு. தோக்கியோவில் நிலநடுக்கத்துக்கும் தீக்கும் போருக்கும் தப்பிப் பிழைத்து, பின்னர் வளர்ச்சியின் பெயரால் இடிபடவிருந்த பழைய வீடுகளையும் கடைகளையும் கழற்றிக் கொணர்ந்து இங்கே மீண்டும் பொருத்தி வைத்திருக்கின்றனர்.

அவற்றுள் ஒன்று காகிதாதிக் கடை. தூரிகையும் மையும் விற்ற அக்கடையின் சுவர் முழுதும், தரையிலிருந்து கூரை வரை, 300க்கு மேற்பட்ட சிறு இழுப்பறைகள்! ‘சென்னும் சிகிரோவும்’ என்ற பொருள்படும் பெயரோடு தொடங்கும் 2001ஆம் ஆண்டுப் படத்தைக் கண்டோர் இதனை உடனே இனங்கண்டுகொள்வர். பல கைகளையுடைய முதியவர் ஒருவர் கொதிகலன் அறையிலிருந்தபடியே எட்டாத இழுப்பறைகளிலிருந்து மூலிகைகளை எடுக்கும் காட்சிக்கு இக்கடையே முன்மாதிரி. அருகில் 1929இற் கட்டப்பெற்ற பொதுக் குளிப்புக்கூடமும் உளது. அதன் உட்சுவரில் பூஜி மலையைத் தீட்டியுள்ளனர். மியாசாக்கி இவ்விடத்துக்கு அடிக்கடி வந்து உலாவுபவர்.

அப்படத்தின் கதாநாயகி சிகிரோ பத்து வயதுச் சிறுமி. தாய்தந்தையர் பன்றிகளாக மாறிவிட, தேவதைகள் நீராடும் விடுதியில் வேலைக்கு அமர்கின்றாள். விடுதித் தலைவி முதலிற் பறிப்பது அச்சிறுமியின் பெயரை. சொந்தப் பெயரை மறந்தவர் வீடு திரும்ப இயலாது என்பது அவ்வுலகின் விதி. சொந்த ஊரை விட்டு வேற்றுநாடுகளிற் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் நம்மவர் இவ்விதியின் பொருளை எவரும் சொல்லாமலே உணர்வர். பெர்லின் விழாவிற் பொற்கரடி விருதையும், 2003இல் ஒஸ்கார் விருதையும் பெற்ற படம் இது.

தொத்தொரோவின் காடு

மறுநாள் சயாமாக் குன்றுகளுக்குச் சென்றோம். தோக்கியோவும் சைத்தமா மாகாணமும் சந்திக்கும் எல்லையில், நகரங்கள் சூழ்ந்த நடுவே பச்சைத் தீவு போற் கிடக்கும் காட்டு நிலம் இது. இங்கே ஓங்கி நிற்பன ஓக்கு மரங்கள். உழவர் அம்மரங்களை முறைவைத்து வெட்டி விறகும் கரியும் கொண்டனர். உதிர்ந்த சருகை வாரி வயலுக்கு எருவிட்டனர். காடும் ஊரும் ஒன்றையொன்று பேணி வாழ்ந்த இத்தகைய நிலத்தை யப்பானியர் ‘சத்தோயாமா’ என்பர்.

இதன் பக்கத்திலுள்ள தொக்கொரொசாவா நகரில் வாழ்பவர் மியாசாக்கி. இந்நிலப்பரப்பில் உலாவிய அநுபவம் ‘தொத்தொரோ’ப் படத்திற் பதிந்துள்ளது. நோயுற்ற தாய் வைத்தியசாலையில் இருக்க, சிறுமி சத்சுக்கியும் நான்கு வயதுத் தங்கை மேயும் தந்தையோடு நாட்டுப்புற வீடொன்றுக்குக் குடிவருகின்றனர். அருகிலுள்ள பெரிய கற்பூர மரத்தில் உறையும் தொத்தொரோ என்னும் வனதேவதையைச் சிறியவள் காண்கின்றாள். அம்மரத்திற் புனிதக் கயிறு கட்டப்பட்டிருக்கின்றது. ஆலமரத்தடியிற் சூலம் நாட்டி வைரவரை வழிபடும் ஊரிற் பிறந்தோர்க்கு இக்காட்சிக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. மியாசாக்கியின் தாயாரும் அவரது சிறுபராயத்திற் பல்லாண்டுகள் காசநோயால் வருந்தியவர். படத்தில் தாய் தங்கியுள்ள இடத்தின் பெயர் ‘ஏழு நாட்டு மலை’. இப்பகுதியில் ‘எட்டு நாட்டு மலை’ என்றொரு குன்று மெய்யாகவே இருக்கின்றது!

இக்குன்றுகளை வீடுகளும் வீதிகளும் விழுங்கத் தொடங்கியபோது, ஊர்மக்கள் 1990இல் ஓர் இயக்கம் கண்டனர். படத்தின் பெயரையே தம் இயக்கத்துக்கு இட மியாசாக்கியும் இசைந்தார். நாடெங்கிலுமிருந்து வந்த சிறு நன்கொடைகளைச் சேர்த்து, 1991இல் முதலாவது காட்டுத்துண்டை விலைகொடுத்து வாங்கினர். இன்று அவ்வாறு வாங்கப்பெற்ற துண்டுகள் ஐம்பதுக்கு மேற்பட்டுவிட்டன. ஒவ்வொன்றும் தொத்தொரோவின் காடு என இலக்கமிடப்பட்டுள்ளது. நாம் சென்றவேளை முதியோர் சிலர் சருகு வாரிக்கொண்டிருந்தனர். அவர்களில் ஒருவர் எம்மை நோக்கிப் புன்முறுவல் செய்து, தரையிலிருந்து ஓக்குக் காயொன்றைப் பொறுக்கி எம் உள்ளங்கையில் வைத்தார். எம் மொழியை அவர் அறியார். அவர் மொழியை நாம் அறியோம். எனினும், சத்சுக்கிக்கும் மேய்க்கும் தொத்தொரோ அளித்த பரிசும் அதுவே என்பதை இருவரும் அறிந்திருந்தோம்.

ஒரே நாளில் இரு படங்கள்

‘தொத்தொரோ’ 1988ஆம் ஆண்டு ஏப்பிரில் 16ஆந் திகதி வெளியானபோது தனித்து வரவில்லை. தக்காஹாத்தா இயக்கிய ‘மின்மினிகளின் கல்லறை’ என்னும் படமும் அதனுடன் இணைத்தே காட்டப்பட்டது. 1945இற் கோபே நகரம் குண்டுவீச்சால் எரிந்தபோது தாயை இழந்த பதினான்கு வயதுச் சேய்த்தாவும் நான்கு வயதுத் தங்கை செத்சுக்கோவும் படும் துயரே அதன் கதை. மூலக்கதையை 1967இல் எழுதிய நொசாக்கா அக்கியுக்கி அப்போரிலே தம் தங்கையைப் பறிகொடுத்தவர். தக்காஹாத்தாவும் ஒன்பது வயதில் ஒக்காயாமா நகரம் எரிந்த இரவில் உயிர் தப்பியவர்.

உறவினர் வீட்டில் இடமற்றுப்போன அப்பிள்ளைகள் இருவரும் குளக்கரையிலுள்ள கைவிடப்பட்ட பதுங்கு குழியிற் குடியேறுகின்றனர். இருளைப் போக்க மின்மினிகளைப் பிடித்து நுளம்புவலைக்குள் விடுகின்றனர். காலையில் அவை செத்துக் கிடக்கின்றன. சிறியவள் அவற்றுக்குக் குழி தோண்டுகின்றாள். பதுங்கு குழி என்னும் சொல்லை அகராதியிற் பாராமலே அறிந்த தலைமுறை எம்முடையது. அக்காட்சியை நாம் முதன்முறை கண்டவேளை, வீட்டில் இருந்தோர் எவரும் சிறிதுநேரம் பேசவில்லை. 2009 வரை நீண்ட எம் நாட்டுப் போரிற் பதுங்கு குழியினின்று வெளிவராத பிள்ளைகளும் உளர் அன்றோ! அவர்களைப் பற்றி நாம் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. வேற்றுநாட்டவர் ஒருவர் வரைந்த சித்திரம் அன்று எம்மைப் பேசவைத்தது.

இவ்விரு படங்களிலும் நான்கு வயதுக் குழந்தை ஒன்று உண்டு. தாயை எண்ணி ஏங்கும் ஏக்கம் உண்டு. மூத்தவரின் தோளில் ஏறிய சுமை உண்டு. ஒன்றிற் காணாமற்போன குழந்தை மீண்டும் கிடைக்கின்றது, மற்றதில் அவ்வாறில்லை. ஒரே கூடத்தைச் சேர்ந்த இரு நண்பர்கள் இவ்விரண்டையும் ஒரே நாளில் உலகுக்களித்தனர். தொத்தொரோவின் காட்டு நிழலில் நின்றபோது, இவற்றில் எது குழந்தைகளுக்குரியது, எது முதியோர்க்குரியது என்று பிரித்துரைக்க எம்மால் இயலவில்லை.

இல்லத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

யப்பான் செல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயின் இப்படங்கள் இப்போது வீட்டிலிருந்தே காணக் கிடைக்கின்றன. பெற்றோர் பிள்ளைகளைத் திரையின் முன் இருத்திவிட்டுத் தம் அலுவலைப் பார்க்கச் செல்லாமல், உடனிருந்து காணுதல் நன்று. ‘தொத்தொரோ’வை ஐந்து வயதினரும் காணலாம், ‘மின்மினிகளின் கல்லறை’யை வளர்ந்த பிள்ளைகளுக்கு மாத்திரம், அதுவும் பெரியோர் துணையோடு காட்டுதல் வேண்டும்.

காணும்போது ஒன்றை நினைவிற் கொள்க. இப்படங்களில் எதுவும் நிகழாத கணங்கள் அடிக்கடி வரும். ஒருவர் சும்மா இருப்பார். நீரிற் காற்று அலையெழுப்பும். சிகிரோ கடல்மீது செல்லும் புகையிரதத்தில் வாய்திறவாது அமர்ந்திருப்பாள். யப்பானியர் இதனை ‘மா’ என்பர். இரு கைதட்டல்களுக்கு இடைப்பட்ட இடைவெளியே ‘மா’ என்று மியாசாக்கி விளக்கியதுண்டு. தாளம் போட்டுப் பழகிய நமக்கு இது புதிதன்று. தட்டும் தட்டுக்கும் நடுவேயுள்ள வெளியன்றோ தாளத்தைத் தாளமாக்குகின்றது! அக்கணங்களில் அவசரப்பட்டுப் படத்தை முன்னோட்டிவிடாதீர்கள்.

மாணவ அன்பர்களுக்கும் ஒரு சொல். அப்பியாசக் கொப்பியின் ஓரத்திற் படம் கீறுபவர் உங்களிற் பலர் உளர். அக்கொப்பியின் பக்கங்கள்தோறும் ஓர் உருவத்தைச் சிறிது சிறிது மாற்றி வரைந்து விரைவாகப் புரட்டிப் பாருங்கள். அது நடக்கக் காண்பீர்கள். மித்தாக்காவின் சுழலும் மேடையும், ஒன்றரை இலட்சத்தை நெருங்கும் சித்திரங்களும் இந்தச் சிறு விளையாட்டின் விரிவே. ஜாம் போத்தல் விளக்கின் முன் நாம் கேட்ட கதைகளும், எம் பாட்டிமார் சொல்லிய முனிகளும் மோகினிகளும், ஆலமரத்து வைரவரும் இன்னும் எவராலும் வரையப்படாமற் காத்திருக்கின்றனர். உங்களில் ஒருவர் பென்சிலைக் கையிலெடுத்து அவர்களை நடக்கச் செய்வீராயின், முதல் வரிசையில் அமர்ந்து பார்க்க நாம் கட்டாயம் வருவோம்.